வாணிவிழாவுக்கு இரண்டு பானை

சரஸ்வதி பூசையான அந்த வாணிவிழா அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை வேண்டாம். அதிபர் குணராசா சேர். பூசை செய்த தவமலர் டீச்சர். பிள்ளைகளை வரிசையில் இருத்திக்கொண்டு நின்ற மற்ற இரண்டு டீச்சர்மார். பெற்றோர் பக்கத்தில் றியாஸ் தம்பி; சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் உறுப்பினர். பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர், அதில் பதினொரு பேர் முஸ்லிம் பிள்ளைகள். குசினி வாசலில் அகப்பையோடு நான். அவ்வளவுதான். பின்னால் காரைதீவுத் தமிழ் ஆட்கள் ஒரு விதமாகவும் மாவடிப்பள்ளி முஸ்லிம் ஆட்கள் இன்னொரு விதமாகவும் கதைத்தார்கள், ஊரே கூடிச் சண்டை பிடித்தது என்று. ஊர் அங்கே நிற்கவில்லை. சண்டையும் நடக்கவில்லை. நடந்தது கடலைப் பானையில்தான்.

இதை எழுதச் சொன்னவர் தவமலர் டீச்சர். பள்ளிக்கூட மலருக்கு, பழைய ஆட்கள் எல்லாரும் ஒவ்வொன்று எழுத வேண்டுமாம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழைகளை டீச்சர் திருத்துவார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆனால் டீச்சர் சொன்னதற்காக மட்டும் எழுதவில்லை. எனக்குப் பிறகு சமைக்க வந்திருக்கிற பவானி போன கிழமை கேட்டாள்: "பூமணியக்கா, பதினொரு புள்ளைக்கு என்னத்துக்குத் தனிப் பானை? ஒண்டுல ஆக்கிப்போட்டு அள்ளிக் குடுத்தா என்ன?" நின்ற நிலையில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில், சொன்னது போதாதே என்று மனம் கிடந்து அடித்தது. திரும்பிப் போனேன். அவள் குசினியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் அப்படித்தான். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பகல் உணவு சமைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வராத நாட்கள் குறைவு. "அடுப்பு உங்களப் பாத்துச் சிரிக்கும் அக்கா" என்று பிள்ளைகளே சொல்வார்கள். வேலைக்கு எடுத்தபோது சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் நகம், தலைத்துணி, கொதித்தாறிய தண்ணீர் என்று ஒரு பகல் பாடம் எடுத்தார். படிப்பு அவ்வளவுதான். ஓய்வு என்று ஒரு கடதாசியும் வரவில்லை. முழங்கால்தான் ஓய்வு கொடுத்தது.

எங்கள் பள்ளிக்கூடம் வயல் ஓரத்துச் சின்னப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே முஸ்லிம் பிள்ளைகள் எப்படி என்று தூரத்து ஆட்கள் கேட்பார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீடுகள். அவர்களின் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் பிரதான வீதியைக் கடக்க வேண்டும். பஸ்ஸும் லொறியும் பறக்கிற வீதி. அதனால் சின்னப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு மட்டும் எங்களிடம் விடுவார்கள்.

விட்டால் மட்டும் போதுமா? வெள்ளிக்கிழமை ஆண்பிள்ளைகள் ஜும்மாவுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு. அதனால் வெள்ளியில் சோற்றை வேளைக்கே இறக்கிவிடுவேன். எப்படியும் அன்று எங்கள் ஆட்களுக்கும் மரக்கறிதான், அதில் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் எல்லாம் பூசை நாளில்தான்.

முதல் வருட வாணிவிழாவுக்குக் கடலை அவிக்க வேண்டியிருந்தது. தவமலர் டீச்சரிடம் கேட்டேன். "சாமிக்குப் படைக்க முதல் பானையில ஆரும் கை வைக்கப்படாது அக்கா. அள்ளினா மிஞ்சிறது மிச்சம். மிச்சத்தையா படைக்கிற?" என்றார். அது எனக்கும் தெரியும். பிறகு மூத்த மகனை விட வந்த ஜெசீமாவிடம் கேட்டேன். றியாஸ் தம்பியின் பெண்சாதி. "படைச்சத எங்கட புள்ளையள் தின்னப்படாது அக்கா. கோவிக்காதீங்க" என்றாள். நான் கோவிக்கவில்லை. ஆனால் வீடு போய்ச் சேரும் வரைக்கும் கணக்குப் பார்த்தேன். முதலில் அள்ளினால் இவர்களுக்கு ஆகாது. படைத்த பிறகு அள்ளினால் அவர்களுக்கு ஆகாது. ஒரு பானையில் இந்த இரண்டும் முடியவே முடியாது.

அப்படித்தான் இரண்டு பானை வந்தது. பித்தளைச் சருவத்தில் சாமிக்கு, அலுமினியப் பானையில் பிள்ளைகளுக்கு. இரண்டு அடுப்பு. இரண்டு அகப்பை. தேங்காய்த் துருவலும் இரண்டு கோப்பையில். விளக்குக் கொளுத்த முதல் அலுமினியப் பானையை மூடி, முதலாம் வகுப்பு அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். கற்பூர வாசம் கூட அங்கே போகாது. அப்படியும் மூடி சரியாக இருக்கிறதா என்று நடுவில் ஒருக்கால் போய்ப் பார்ப்பேன்.

நோன்பு மாதமும் எனக்கு நிம்மதியான மாதம் இல்லை. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு அப்போது விடுமுறை. எங்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நோன்பு பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் கருவாடு பொரித்தால் வாசம் அவர்களின் வகுப்புக்குத்தான் முதலில் போகும். அந்த மாதம் பொரியலை நிறுத்தினேன். சோறு கொடுக்கிற இடத்தைக் கிணற்றடிப் பக்கம் மாற்றினேன். நோன்பாளிப் பிள்ளைகளை அந்த நேரம் டீச்சர்மார் புத்தக அறைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

றியாஸ் தம்பியின் மூத்த மகள் றிஸ்னா இரண்டாம் வகுப்பு. பெரிய பிள்ளைகளைப் பார்த்துத் தானும் நோன்பு என்று வந்தாள். அன்று காலையிலேயே நான் ஜெசீமாவை ஒழுங்கையில் மறித்துக் கேட்டேன்.

"புள்ள, அவ தண்ணி கேட்டா நான் என்ன செய்யிற? குடுத்தாப் பாவமா, குடுக்காட்டிப் பாவமா?"

ஜெசீமா சிரித்துவிட்டாள். "கேட்டாக் குடுங்க அக்கா. ஏழு வயசுப் புள்ளைக்குக் கடமையில்ல. ஏசாம மட்டும் குடுங்க. பின்னேரம் வந்து நோன்பு புடிச்சன் எண்டு சென்னா, நாங்களும் ஓம் எண்டுதான் செல்லுவம்."

இடைவேளைக்கு முதலே குசினியின் பின்பக்கம் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. "அக்கா, வாய் கொப்புளிக்கக் கொஞ்சம் தண்ணி." கொடுத்தேன். கொப்புளிக்கத்தான் போகிறாள் என்று நானும் மறுபக்கம் திரும்பி நின்றேன். பேணி வெறும் பேணியாகத் திரும்பி வந்தது. "கொப்புளிச்சிட்டன்" என்றாள். "ஓம் கிளி" என்றேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தப் பெண் என்னை நம்பி ஒரு பிள்ளையை எப்படி விட்டாள் என்பது தெரிய வேண்டும்.

பிறகுதான் குணராசா சேர் அதிபராக வந்தார். அவரைப்பற்றிக் குறையாக எழுத எனக்கு விருப்பம் இல்லை. சத்தம் போட்டுக் கதைக்காத மனிதன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நிற்பார். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். செருப்பில்லாத பிள்ளைக்குத் தன் காசில் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று வகுப்பு வாங்குகளில் பிரிந்து இருந்தவர்களை மாற்றி மாற்றி இருத்தியவரும் அவர்தான்.

சாமான் விலை நெருப்பாக இருந்த வருடம் அது. கடலை கால் கிலோ வாங்கவே யோசிக்க வேண்டும், விறகுக்கும் பஞ்சம். வாணிவிழாவுக்கு நாலைந்து நாள் இருக்க, சேர் வாசலில் வந்து நின்றார்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஓம் சேர்."

"இந்த முறை ஒரு பானை போதும்."

விலைக்காகவா என்று கேட்டேன். விலையும்தான் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் வகுப்பில எல்லாரும் ஒண்டு எண்டு படிப்பிக்கிறன். நீங்க குசினியில ரெண்டாப் பிரிச்சு வைக்கிறீங்க. புள்ளையள் எத நம்பும்? நான் சொல்றதையா, நீங்க அள்ளிறதையா?"

ஒரு தமிழ்ப் பொடியன் ஒருநாள் "அவங்கட பானைக்குள்ள என்ன அக்கா கூட இருக்கு?" என்று கேட்டபோதும் எனக்கு அந்த யோசனை வந்ததுதான்.

சேர் ஒரு வழியும் வைத்திருந்தார். பானை குசினியிலேயே இருக்கட்டும். அள்ள முதல் ஒரு சின்னக் கிண்ணத்தில் முதல் கடலையை எடுத்துச் சாமிக்கு வைப்போம். கிண்ணம் மட்டும்தான் படையல். பானையில் இருப்பது படைத்ததும் இல்லை, மிச்சமும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஜெசீமாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து, "கிண்ணம் வேற, பானை வேற எண்டா பரவாயில்லையாம்" என்றாள்.

"மறுகா அந்தக் கிண்ணத்த என்ன செய்யிற சேர்?" என்று அவரிடம் கேட்டேன்.

"டீச்சர்மார் சாப்பிடுவாங்க. தவமலர் டீச்சரிட்ட நான் சொல்றன்."

சொன்னேன் என்று சேர் பின்னால் சொன்னார். சொல்லவில்லை என்று டீச்சர் சொன்னார். மலருக்காக இதைத் திருத்துகிறவர் டீச்சர் என்பதால் இந்த வரி நிற்குமோ தெரியாது.

அன்று பூசை நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். முஸ்லிம் பிள்ளைகள் வழக்கம்போல முதலாம் வகுப்பில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். தீபாராதனை முடிந்தது. பிள்ளைகள் எல்லாரும் பீங்கானோடு வரிசையில் வந்து இருந்தார்கள். றியாஸ் தம்பிக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. நான் வாழைப்பழத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

தவமலர் டீச்சர் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்குள் வந்தார். நெற்றியில் திருநீறு, முகம் முழுக்கச் சந்தோசம். வந்தவர் நேரே பானையண்டை போய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தார். என் அகப்பையை வாங்கி ஒரு கிளறு கிளறினார்.

"கலந்திட்டன் அக்கா. இனிக் குடுங்க" என்றார்.

டீச்சரில் பிழை இல்லை. படைத்ததைப் பானையில் கலந்தால்தான் எல்லாருக்கும் பிரசாதம் போய்ச் சேரும். அவருடைய தாயும் அப்படித்தான் செய்திருப்பா. என் தாய் செய்தா. நானும் வீட்டில் அப்படித்தான். கை தன்பாட்டில் செய்கிற வேலை அது.

நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். சேர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அக்கா, புள்ளையள் பாத்துட்டிருக்கு." சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவ்வளவு விழுந்தது?" என்றார் சேர், குரலைத் தாழ்த்தி.

"ஒரு கிண்ணம்."

"சின்னக் கிண்ணம்தானே. இவ்வளவு பெரிய பானைக்கு அது என்ன? ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிட்டே சேர். நான் இனி என்ன செய்யிற?"

"அக்கா, கொஞ்சம் யோசிங்க. இத வெளிய சொன்னா அந்தப் பதினொரு புள்ளையும் போயிரும். முப்பத்திரண்டு புள்ளையோட இந்தப் பள்ளிக்கூடத்த வைச்சிருப்பாங்களா? ஒரு சாட்டுக் கிடைச்சா மூடிருவாங்க. மறுகா மத்தப் புள்ளையள் எங்க போற? நீங்க எங்க போற?"

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் தனக்காகப் பயப்படவும் இல்லை. நான் எனக்காகவும் பயந்தேன். ஆனால் ஒன்று நினைவு வந்தது. கேட்டால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் போனாளே ஜெசீமா, அந்த முதுகு. பானையை மூடினேன். அகப்பை கையிலேயே இருந்தது, அது கூடத் தெரியாமல் றியாஸ் தம்பியிடம் போனேன்.

"தம்பி, கிண்ணத்துக் கடல பானைக்குள்ள கலந்துட்டு. தெரியாமக் கலந்தது. உங்கட புள்ளையளுக்கு நான் இதக் குடுக்க ஏலாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அகப்பையைத்தான் பார்த்தார்.

"எத்தின புள்ள திண்டிச்சி?"

"ஒருத்தரும் தின்னல்ல. இன்னும் அள்ளல்ல."

ஃபோனை எடுத்துக் கடைக்கு அடித்தார். "டேய், பணிஸ் வந்திட்டா? நாற்பத்து மூண்ட எண்ணிப் பெட்டில போடு. ஓம், இப்பவே கொண்டா."

"பதினொண்டு போதும் தம்பி."

"பதினொரு புள்ளைக்குக் குடுத்துட்டு மத்தப் புள்ளையளப் பாக்க வைக்கிறதா? அதுகள் என்ன செய்திச்சிகள்? எல்லாத்துக்கும் குடுங்க."

பணிஸ், அந்த இனிப்புப் பன், பெட்டியோடு வந்தது. எல்லாருக்கும் கொடுத்தோம். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடலையும் சேர்த்து. றிஸ்னா பீங்கானை நீட்டிக்கொண்டு நின்றாள். "கடல?" என்றாள். "இண்டைக்கு உங்களுக்குப் பணிஸ் கிளி." "எனக்குக் கடலதான் விருப்பம்." பக்கத்தில் இருந்த பொடியன் சொன்னான், "விசரி, பணிஸுக்கு மேல சீனி இருக்கு, கடலைக்கு மேல தேங்காதான் இருக்கு." அவள் சமாதானமாகவில்லை. பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைதான் எனக்குப் பெரிய தண்டனை மாதிரி இருந்தது.

போகும்போது சேர் றியாஸ் தம்பியிடம், "காசு எவ்வளவு எண்டு சொல்லுங்க, நான் தாறன்" என்றார். "ஓம் சேர்" என்றுவிட்டு அவர் போனார். அந்தக் கிழமை முழுக்கச் சேர் என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் றிஸ்னா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். வீட்டுச் சோறு. அதற்கடுத்த நாளும் அப்படியே. மற்றப் பத்துப் பிள்ளைகளின் தாய்மாரும் அந்தப் பெட்டியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. றியாஸ் தம்பி போகிற பக்கம்தான் அவர்களும் போவார்கள். அவருடைய சின்ன மகளை வருகிற வருடம் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர்ப்பாரா, இருக்கிற பிள்ளையையும் எடுப்பாரா? ஒவ்வொரு காலையும் படலையைப் பார்த்தபடியே அரிசி கழுவினேன். பதினொரு தலையையும் எண்ணிய பிறகுதான் உலை வைப்பேன்.

பொறுக்க முடியாமல் ஜெசீமாவிடம் கேட்டேன். "நான் மறைக்கல்லையே புள்ள. மறுகா ஏன் இப்பிடி?"

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நீங்க சென்னதுதான் அக்கா கரைச்சல். செல்லாட்டி எங்களுக்குத் தெரியாது, நிம்மதியா இருந்திருப்பம். இப்ப அவரு அதுக்கு முந்தின வருசங்களையும் யோசிக்கிறாரு."

"அப்ப எல்லாம் ரெண்டு பானை!"

"எனக்குத் தெரியும். நீங்க அடுப்பப் பாக்கத் திரும்பி வாற ஆள். அவருக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இரண்டு மடங்காக ஏறியது.

தைப்பொங்கல் வந்தது. பொங்கலும் சூரியனுக்குப் படைப்பதுதான், அதே சட்டம்தான். நான் ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டு அடுப்பு மூட்டினேன். சேர் வந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தால் வாசலில் றியாஸ் தம்பி. யாரும் அழைக்கவில்லை. தானாக வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"அகப்ப ரெண்டா?"

"ரெண்டு."

"சீனி, சர்க்கர?"

"அதும் வேற வேற கோப்ப."

"தண்ணி வாளி?"

"கிணறு மட்டும்தான் தம்பி ஒண்டு."

அவர் சிரித்தார். வாணிவிழாவுக்குப் பிறகு முதல் தரம். "எங்கட உம்மாவ உட மோசம் அக்கா நீங்க" என்றார். அந்த நேரம் சேர் உள்ளே வந்தார். அலுமினியப் பானையின் இரண்டு காதையும் துணியால் பிடித்து, தானே தூக்கிக்கொண்டு போய் முதலாம் வகுப்பில் வைத்தார். றியாஸ் தம்பி அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அடுத்த கிழமை றிஸ்னா வெறுங்கையோடு வந்தாள். பீங்கானை நீட்டி, "கூடப் போடுங்க" என்றாள். புது வருட அனுமதிக்கு அவளுடைய தங்கச்சியும் வந்து சேர்ந்தாள். அடுத்த வாணிவிழாவுக்கு அலுமினியப் பானையில் அவித்த கடலையில் றிஸ்னாவுக்கு முதல் அகப்பை.

பவானி, மறுமொழி இதுதான். சேர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் எதை நம்பும் என்பது எனக்குத் தெரியாது. பானையை மட்டும் இரண்டாகவே வை.

ஒன்று மட்டும் முடியாமல் கிடக்கிறது. அந்தப் பணிஸ் காசு. சேர் கொடுக்கவில்லை. காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை அவர், செருப்புக் கதை மேலே எழுதியிருக்கிறேன். கொடுத்தால் அன்று நடந்தது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. வேலையை விட்ட அன்று நான் காசைக் கொண்டுபோய் றியாஸ் தம்பியின் மேசையில் வைத்தேன். திருப்பித் தள்ளினார்.

"இத நான் எடுத்தா நீங்க புழ செய்த மாதிரிப் போயிரும். நீங்க செய்யல்ல. தாறன் எண்டு சென்னவரு சேர். அவரிட்டத்தான் எடுப்பன். அண்டைய விலைக்குத்தான் எடுப்பன்."

சேர் இப்போது தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபர். இரண்டு தரம் ஃபோன் எடுத்தேன். "ஓம் அக்கா, அனுப்புறன். சாப்பிட்டீங்களா?" என்றார்.

சேர், பழைய அதிபர்மாருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி அனுப்புவார்களாம். நான் சாப்பிட்டேன். கடை அதே சந்தியில்தான் இருக்கிறது. பணிஸ் நாற்பத்து மூன்று, ஒன்று எண்பது ரூபாய்ப்படி, மூவாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.